பாதத்தின் மேல் பெருக்கல் குறி

வலது கால் வாஷ்பேசினுக்குள் இருக்கிறது, கணுக்காலில் தண்ணீர் இறங்குகிறது, கதவைத் திறந்துகொண்டு வந்த மஞ்சரி, எங்கள் கிண்டி அலுவலகத்தின் ஹெச்.ஆர்., என் காலைப் பார்த்து சீ என்கிறாள், மெதுவாகத்தான் சொன்னாள், லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டிருந்த என் காதில் அது விழாமலா போகும், மறுநாள் கண்ணாடிக்கு மேலே ஒரு காகிதம், இங்கே கால் கழுவக் கூடாது, கீழே ஒரு பாதத்தின் படம், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி, பெயர் போடவில்லை, தேவையுமில்லை, அந்தத் தளத்தில் நாங்கள் பதினோரு பெண்கள், யார் கால் என்று பதினோரு பேருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போகிறேன், ஜெனரேட்டருக்குப் பின்னால், டீசல் நாற்றத்தில், பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவள், பதினான்கு வருஷ அனுபவம், கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்கிறேன், வாட்ச்மேன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அந்த மரியாதைகூட மேலே கிடையாது, மேலப்பாளையத்திலிருந்து போனில் உம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, டீம் லீட் ஆயிட்டா ஒனக்குன்னு ஒரு ரூம் தருவாங்கல்லா, அதுல தொழுதுக்கிடலாம் என்கிறாள், நானும் பொறுத்துக்கொண்டேன், மஞ்சரியைப் பார்த்தால் குட்மார்னிங்கூடச் சொன்னேன், அதை நினைத்தால் அவளைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு.

இன்று போட்டோ எடுக்கிறார்கள், மஸ்கட்டில் ஒரு மேம்பால வேலையைப் பிடிக்கப் புரோஷர் தயாராகிறது, அட்டையில் நான் வேண்டுமாம், நீங்கதான்மா நம்ம கம்பெனியோட முகம், இது முடியட்டும், டீம் லீட் லெட்டர் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன் என்கிறார் எம்.டி. ரகுராமன் சார், நேற்றுவரை வாடிக்கையாளர் வந்தால் என்னை உள்ளே கூப்பிடாதவர், எல்லாரும் பின்னால், நான் முன்னால், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, சிரிங்க மேடம் என்கிறான் போட்டோக்காரன், சிரிக்கிறேன், வெட்கமில்லாமல் பல் தெரியச் சிரிக்கிறேன், மஞ்சரி ஓடிவருகிறாள், ஹிஜாப் இன்னும் கொஞ்சம் எடுப்பாத் தெரியட்டும்பா, அவங்களுக்கு அதான் பிடிக்கும் என்று என் தலைத்துணியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டுகிறாள், அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன், கையக் கழுவிட்டு வாங்க மஞ்சரி, அப்புறம் தொடலாம் என்றேன்.

அந்தக் கடிதம் இனி வராது என்பது ரகுராமன் சார் முகத்திலேயே தெரிந்தது, மஞ்சரி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.