மூன்றாவது சாவி

கார் சாவியை ஒளித்து வைத்தவளும் நான்தான், ஒளித்த இடத்தை மறந்தவளும் நான்தான். ஒரு வாரமாக வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டேன். மாவு டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினேன். கம்பளிகளை உதறினேன். பழைய கைப்பைகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி கவிழ்த்துப் பார்த்தேன். எங்கும் இல்லை.

போன வருடம், சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர் தம்ளரோடு கீழே விழுந்தார். வலிப்பு. சில மாதம் கழித்து இன்னொரு முறை. கடைசியாக வந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்களைச் சோதிக்கிற வேலை அவருக்கு. அதிலிருந்து எடுத்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் தன் கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இந்தா. இனிமே நீ டிரைவர், நான் ஓனர். பின்சீட்டுல கால் மேல கால் போட்டு உக்காருவேன்."

இருவரும் சிரித்தோம். அவருடைய சாவியை பீரோ லாக்கரில் பூட்டினேன். அந்தச் சிரிப்பை நான் முழுதாக நம்பவில்லை போலிருக்கிறது. தினமும் வேலைக்கு எடுத்துப் போகிற என் சாவியையும் வீட்டுக்கு வந்ததும் ஒளிக்க ஆரம்பித்தேன்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. சாயங்காலத்தில் கண்கள் எரியும். செருப்பைக் கழற்றிய கையோடு, இன்றைக்கு எங்கே வைப்பது என்று யோசித்தபடி நிற்பேன். பசிக்கிறதா என்று மகளைக் கேட்பதற்கு முன்னால் சாவிக்கு இடம் தேடுகிறவளாகிவிட்டேன். அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்துவிடக் கூடாது என்று அவர் பிடித்து வைத்திருந்த அந்தக் கழுத்துதான் கடை வேலையைவிட என்னைக் களைக்க வைத்தது.

தொலைந்த சாவி வீட்டுக்குள்தான் எங்கோ கிடக்கிறது. எனக்கு முன்னால் அது அவர் கையில் கிடைத்துவிட்டால்? அதனால்தான் சாவிக்காரரை வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாதாரணமாக அந்த நேரத்தில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன். அவர் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். அன்று மகளையும் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் சாவிக்காரர் வந்து சேர்ந்தார். கார் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையடக்கமான மெஷினை மடியில் வைத்துக்கொண்டார்.

"திருட்டு பயமாக்கா?"

"அப்படித்தான்."

"கவலையை விடுங்க. பழைய பதிவு எல்லாத்தையும் அழிச்சிட்டு, கையில இருக்கற சாவியை மட்டும் திரும்பப் பதிவேன். தொலைஞ்சது எவன்கிட்ட கிடைச்சாலும் கதவைத் திறந்து உள்ள உக்காந்துக்கலாம், அவ்வளவுதான். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது." மெஷினைப் பார்த்தார். "மூணு சாவி காட்டுதே."

"ரெண்டுதான். ஒண்ணு தொலைஞ்சது, ஒண்ணு இது." லாக்கரிலிருந்து எடுத்து வந்த சாவியைக் காட்டினேன்.

"கம்பெனி குடுக்கறது ரெண்டுதான். இன்னொண்ணு அப்புறமா யாரோ செஞ்சு சேர்த்தது. வண்டி செகண்ட் ஹேண்டா?"

"இல்ல. புதுசாத்தான் எடுத்தோம்."

"அப்ப வீட்டுல கேளுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

சில திங்கட்கிழமைகளில் பிரேக் எட்டாமல் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டி கழுவ வருகிறவர் தள்ளியிருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைக்க முடிவு செய்திருந்தேன் என்பதே சரி. ஞாயிறு மதியத் தூக்கம் எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. அவரோடு நடக்கப் போகிறேன் என்று மகள் எத்தனை ஞாயிறு கிளம்பியிருக்கிறாள்?

வாசல் கேட் கிறீச்சிட்டது. மகள் ஓடிவந்தாள். நாங்கள் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பின்னால் அவர். மெஷினைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் சாவிக்காரர். "உங்ககிட்ட ஒரு சாவி இருந்தா குடுங்க, சேர்த்துப் பதிஞ்சிடறேன். இல்லேன்னா இன்னியோட அது செத்துடும்."

அவருடைய வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"எங்கிட்ட ஏது?" என்றார்.

சாவிக்காரர் என்னை ஏறிட்டார். "அழிச்சிடவா?"

"அழிச்சிடுங்க."

ஒரு பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். மெல்லிய 'பீப்'. லாக்கரிலிருந்து எடுத்த சாவியையும் தான் செய்து கொண்டுவந்த புதிய சாவியையும் பதிந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினார். "தொலைக்கறவங்க இல்லேன்னா எங்க வீட்டுல அடுப்பெரியாதுக்கா. ஆனா அடுத்த தடவை பத்திரம்" என்று சிரித்தபடி போனார். என் கணவர் கடைசிவரை கையை வெளியே எடுக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். வாலு குளித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு சாவிகளோடு சமையலறையில் நின்றேன். பழக்கத்தில் கை மாவு டப்பாவின் மூடிக்குப் போயிற்று.

"அதுல வைக்காத" என்றது ஹாலிலிருந்து அவர் குரல். "போன தடவையே பட்டன் இடுக்குல எல்லாம் மாவு."

மூடியிலிருந்து கையை எடுத்தேன்.

"தொலைஞ்சது தையல் மெஷின் டிராயர்ல இருக்கு. பாபின் டப்பாவுக்கு அடியில."

"தெரிஞ்சுக்கிட்டே ஒரு வாரமா என்னைத் தேட விட்டீங்களா?"

"சொன்னா, நான் தேடினது உனக்குத் தெரிஞ்சிடுமே."

போய் எதிரில் உட்கார்ந்தேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அதற்குத் தெம்பில்லை.

"நான் எங்க வைக்கறேன்னு எல்லாம் உங்களுக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு இன்னொரு சாவி?"

"நீ ஒளிச்சதை எடுக்க மனசு வரல. அது உன்னை ஏமாத்தற மாதிரி."

இது நியாயமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னார் என்பது முகத்தில் தெரிந்தது. கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"வாலுவை வண்டில ஏத்தினீங்களா?"

"ஒரே தடவை. கேட் வரைக்கும். பின்சீட்டுல பாட ஆரம்பிச்சா. மேல ஓட்ட முடியல. இறக்கி உள்ள அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் தனியாத்தான். ரவுண்டானா வரைக்கும் போய்ட்டு வந்துடுவேன்."

"ரோட்டுல போறவங்க?"

பாக்கெட்டிலிருந்து அந்தச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுசு மாறாமல் பளபளவென்று இருந்தது.

"இது செத்ததுன்னு நினைச்சு நிம்மதியா இருக்காத" என்றார். "உயிரோட ரெண்டு உன் கையில இருக்கு. எங்க வச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன். தேடாம இருக்க எனக்குத் தெரியல. வண்டியை உன் கடைக்குப் பின்னாடியே விட்டுட்டு வா. சாவியையும் அங்கயே வச்சிடு. வீட்டுக்குள்ள வேண்டாம்."

"நான் பஸ்ல வரணும்."

"தெரியும்."

"அதுவும் மாறி மாறி ரெண்டு பஸ்."

"தெரியும்டி."

குளியலறையிலிருந்து துண்டு கேட்டு வாலு கூப்பிட்டாள். அவர்தான் எழுந்து போனார்.

இப்போது வண்டி கடையின் பின்பக்கம் நிற்கிறது. சாவிகள் லென்ஸ் வைக்கிற இரும்பு அலமாரியில். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த நாளில் தூங்கிவிடுகிறேன். கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்தபடி தூங்குகிறேன். நிறுத்தத்தில் அவரும் வாலுவும் நிற்கிறார்கள். அவர் என் பையை வாங்கிக்கொள்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுகிறேன். பிறகு கொஞ்ச நேரம் வெறுங்கையோடு அங்கேயே நிற்கிறேன். டிவி முன்னால் போய் உட்கார்ந்த அவர் திரும்பி, "என்ன, உக்காரு" என்கிறார்.