ராசாத்திக்கு வைத்த பொட்டு

விடியும் முன்னே கை நனைந்துவிடும். பாப்பாரப்பட்டிக்கு வெளியே இருந்த அந்த மாங்கூழ் ஆலையில், பெல்ட்டில் ஓடிவரும் பழங்களில் அழுகலைப் பொறுக்கித் தள்ளுவது பெண்கள் வேலை. சாறு அரித்து அன்பரசியின் விரலிடுக்கெல்லாம் புண். பக்கத்தில் நிற்கும் மேனகாவுக்கும் அப்படித்தான்.

பெல்ட்டை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். கேமராவில் பார்த்து வேகத்தை அதுவே கூட்டும். "மேனகா, சீக்கிரம்" என்று பேர் சொல்லி அதட்டும். போன ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்து, ராசாத்தி என்று பேரும் சூட்டியவள் அன்பரசிதான். முதலாளி திருமால் கைதட்டிச் சிரித்தார். மறுவாரமே பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பட்டனைக் கழற்ற வைத்தார். எல்லாம் ராசாத்தி பார்த்துக்கொள்ளுமாம்.

செவ்வாய்க்கிழமை மேனகாவின் முந்தானை உருளையில் சிக்கியது. மற்ற முப்பது பெண்களும் கத்தினார்கள். அன்பரசியின் கை, பட்டன் இருந்த ஓட்டையைத்தான் தடவியது. ராசாத்தி பெல்ட்டை நிறுத்தியபோது மேனகாவுக்கு உயிர் இல்லை.

மேனகாவின் புருஷன் பெரியண்ணனை முன்னால் விட்டு எல்லோரும் முதலாளி அறைக்குப் போனார்கள்.

"வேகம் வச்சது நானில்லம்மா, ராசாத்தி. இதையெல்லாம் சட்டப்படி ஒரு ஆளா ஏத்துக்கணும்னு பெரிய பெரிய வக்கீலுங்களே பேசறாங்க. பேரு வச்சு பொட்டு வச்சது நீங்கதான? கேஸை அது மேல போடுங்க" என்றார் திருமால்.

அன்பரசி முன்னால் வந்தாள். ஆசையாய் வைத்த பொட்டு, கூடப் பிறக்காத குறையாய்ப் பழகியவளுக்கே எமனாகிவிட்டதே!

"ஆளுன்னே வச்சுக்குவோங்க முதலாளி. ஆளுன்னா எழவு வூட்டுக்கு வரணுமில்ல? மேனகாவுக்கு வாய்க்கரிசி போடணுமில்ல? அனுப்பி வையுங்க."

திருமால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பட்டனைக் கழட்டச் சொன்ன ஆளு யாருங்க? மேனகா பதினோரு வருசம் உழைச்சவ. உங்க ரிஜிஸ்டர்ல அவ பேரே இல்ல. அவள ஆளா எழுதல, இத எழுதப் போறீங்களா?"

வெளியே வந்தவள், முந்தானையை நனைத்து ராசாத்தியின் பொட்டை அழுத்தித் துடைத்தாள். அழுதுகொண்டேதான் துடைத்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் முப்பது பேரும் வந்தார்கள். கேட்டுக்குள் யாரும் போகவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்தார்கள். நேரமானதும் ராசாத்தியின் ஸ்பீக்கர் ஒவ்வொருவர் பேராய்க் கூப்பிட்டது. யாரும் எழவில்லை.

"மேனகா, நேரமாச்சு."

அவள் பேரைப் பெட்டியிலிருந்து அழித்துவிடக்கூட ஆலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"இங்கதான் இருக்கா" என்றாள் அன்பரசி.

"இருக்கா" என்றாள் அடுத்தவள். அப்புறம் அடுத்தவள். உள்ளே பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.