சரிகை வைத்த ஒத்தணப் பை

"முதல்ல விலையைச் சொல்லும். பிறகு புளுகும்" என்றார் விஜயரத்தினம்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஞானேஸ்வரனின் பலசரக்குக் கடையில் அன்று சனிக்கிழமைக் கூட்டம். முருங்கைக்காய்ப் பெட்டி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. ஞானேஸ்வரனின் கண்ணோ கல்லாவுக்கு முன்னால் அவரே அடுக்கி வைத்திருந்த துணிப் பைகளை விட்டு அகலவில்லை. தலையணைக்குத் தம்பி போலச் சின்னஞ்சிறு பை. உள்ளே மொட்டைக்கறுப்பன் அரிசியும் ஓமமும். ஓரம் முழுக்கப் பளபளவென்று சரிகை. மைக்ரோவேவுக்குள் வைத்துச் சூடாக்கி, நோகிற இடத்தில் வைத்தால் ஒத்தணம்.

"அண்ணை, மருந்துக்கடையில கோதுமையை அடைஞ்சு விக்கிறாங்கள். அவங்கட விலையைக் கேட்டால் உங்களுக்கு முதுகோட சேத்து நெஞ்சும் நோகும். இது எங்கட அரிசி, எங்கட ஓமம், எங்கட சரிகை."

"நாரிப் பிடிப்புக்குச் சரிகை என்னத்துக்கு?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார் விஜயரத்தினம்.

"பாக்கிறவைக்கு அண்ணை. நோவு உங்களுக்கு, அழகு அவைக்கு."

விஜயரத்தினம் லண்டனில் காலமெல்லாம் பஸ் ஓட்டி, இடுப்பைக் கொடுத்துப் பென்ஷன் வாங்கியவர். மனைவி போனபின் பிளாட்டில் தனியே இருக்கிறார். பேரத்தில் ஞானேஸ்வரனுக்குச் சரியான சோடி. சொன்ன விலையைப் பாதியாக வெட்டி, ஒரு கட்டுக் கறிவேப்பிலையையும் சும்மா வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினார். ஞானேஸ்வரனுக்கு அதில் கவலையில்லை. பாதி விலையிலும் லாபம் வருமாறு விலை சொல்வதுதானே வியாபாரம்.

அந்தப் பை பிறந்ததே ஞானேஸ்வரனின் முதுகு வலியில்தான். அரிசி மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகுக்கு மனைவி நகுலேஸ்வரி அவர் இடுப்பில் கட்டும் பழைய சாரமொன்றை வெட்டி ஒரு பை தைத்துக் கொடுத்தாள். சுகம் கண்டது. அவருக்குள் இருந்த வியாபாரி உடனே விழித்துக்கொண்டார். சாரத் துணிப் பையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? லண்டனின் இன்னொரு மூலையில் இருக்கும் சவுத்தால் கடைத்தெருவுக்குப் போனார். ஒரு துணிக்கடையில் மிஞ்சிக் கிடந்த சரிகைக் கரைகளை, "இதென்ன சரிகையோ? வெறும் மினுக்கப்பா!" என்று வாதாடி, கடைக்காரன் அசல் சரிகைதான் என்று கடவுள் மேல் சத்தியம் செய்தும் விடாமல், அள்ளு விலைக்குத் தூக்கி வந்தார்.

"இந்தச் சரிகை வைச்சதைச் சூடாக்கிப் பாத்தனீங்களோ?" என்று தைக்கும்போதே கேட்டாள் நகுலேஸ்வரி.

"பழசு வேலை செய்யுதுதானே? ஆள் அதே ஆள். உடுப்பு மட்டும் புதுசு."

விஜயரத்தினம் வாங்கிக்கொண்டு போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஞானேஸ்வரன் வீட்டில் அவருடைய சாரப் பை தையல் விட்டு அரிசியைக் கொட்டியது. கடையிலிருந்து கொண்டு வந்த சரிகைப் பையொன்றை மைக்ரோவேவுக்குள் வைத்தார். நல்ல சூடு வரட்டும் என்று வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடவே முறுக்கிவிட்டு, ஹோலுக்குப் போய் ஜேர்மனியில் இருக்கும் தம்பியோடு போனில் கதைக்கத் தொடங்கினார். கதை முழுக்கப் பையைப் பற்றித்தான். "சனம் அள்ளிக்கொண்டு போகுது. நீயும் அங்க விக்கலாம்."

குசினிக்குள் சடசடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மைக்ரோவேவுக்குள் நீலப் பொறி பறக்கிறது. சரிகை ஓரம் வழியாக ஓடிய பொறி துணியைப் பிடித்து, துணி நெருப்பாகிக் கண்ணாடிக்கு உள்ளே நாக்கு நீட்டியது. போன் கையிலிருந்து விழுந்தது. ஞானேஸ்வரன் பாய்ந்து கதவைப் பிடித்தார்.

"திறக்காதேங்கோ!" பின் கதவால் உடுப்புக் கூடையோடு வந்த நகுலேஸ்வரி போட்ட சத்தத்தில் அவர் கை அப்படியே நின்றது. "உள்ள காத்துப் போனால் நெருப்பு வெளிய வரும். கையை எடுங்கோ!"

கூடையைப் போட்டுவிட்டுச் சுவர் சுவிட்சை அடித்து நிறுத்தினாள். அவரைச் சட்டையில் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். அவள் வேலை செய்வது பள்ளிக்கூடச் சமையலறையில். அங்கே கற்றுக் கொடுத்தது கைக்கு வந்தது. நெருப்புப் படைக்கு அடிக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டே மைக்ரோவேவை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். உள்ளே இருந்த காற்றைத் தின்று முடித்த நெருப்பு, தின்ன வேறொன்றும் இல்லாமல் மெல்ல அடங்கியது.

கருகிய ஓமத்தின் மணம் வீடெங்கும் நிறைந்தது. ஞானேஸ்வரன் வாசற்படியில் குந்திவிட்டார். ஆனாலும் நாக்குக் குந்தவில்லை.

"சவுத்தால்காரன் பொய் சொல்லேல்லை நகுலா. சரிகை உண்மைதான்."

அவள் சிரிக்கவில்லை. "வித்ததெல்லாம் ஆரார் வீட்டில இருக்கு?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே? கடையில கிடக்கிறதை எடுத்துப்போடுவம். வித்தது வித்ததுதான். வாயைத் திறந்தால் கடைப் பேர் என்னாகும்?"

"விஜயரத்தினம் அண்ணை ரீவிக்கு முன்னால நித்திரையாப் போற மனுசன். உங்களுக்குச் சுவிட்சை நிப்பாட்ட நான் இருந்தன். அவருக்கு ஆர் இருக்கினம்?"

ஞானேஸ்வரன் ஆறிப்போன மைக்ரோவேவைத் திறந்து கருகிய பையை வெளியே எடுத்தார். பிறகு விழுந்த போனை எடுத்து கடை வாடிக்கையாளர்களின் வட்சப் குழுவுக்குப் பேசி அனுப்பினார்.

"கடைக்கார ஞானேஸ்வரன் கதைக்கிறன். என்னட்டை வாங்கின ஒத்தணப் பையை மைக்ரோவேவுக்குள்ள வையாதேங்கோ. சரிகை உலோகம், பொறி பறந்து பத்தும். என்ர வீட்டிலயே பத்தினது. சூடாக்கிப் பாக்காமல் வித்தது என்ர பிழை. கொண்டந்து தாங்கோ, முழுக்காசும் தருவன்."

செய்தி விம்பிள்டனைத் தாண்டி, கடலையும் தாண்டி, ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடமிருந்து திரும்பி அவருக்கே வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை சனம் பையோடு வந்தது. பையோடு பகிடியும் வந்தது. "அண்ணை, தீபாவளிக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ!" ஞானேஸ்வரன் பகிடியையும் பையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு காசை எண்ணிக் கொடுத்தார். வராத ஒரே ஆள் விஜயரத்தினம். அவரிடம் வட்சப் இல்லை. அடித்தால் போனும் எடுக்கவில்லை. கடையை நகுலேஸ்வரியிடம் விட்டுவிட்டு ஞானேஸ்வரன் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கதவைத் திறந்த விஜயரத்தினம் பையை இடுப்பில் துவாயால் கட்டியிருந்தார்.

"அண்ணை, அந்தப் பையைத் திருப்பித் தாங்கோ."

"என்ன விலைக்கு?"

"நீங்கள் தந்த காசு."

"காணாது. இப்ப அது என்ர இடுப்புக்குப் பழகின பை."

"ரெண்டு மடங்கு தாறன்."

"மூண்டு."

"ஓம், தாறன்."

வாழ்நாளில் முதல் தடவையாக, தோற்க வேண்டும் என்றே ஞானேஸ்வரன் பேரம் பேசினார். அந்த 'ஓம்' வந்த வேகத்தில் விஜயரத்தினத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன காணும், மறுபேச்சில்லாமல் ஓம் எண்டிறீர்? உள்ளுக்குத் தங்கம் கிங்கம் வைச்சுத் தைச்சுப்போட்டீரோ?"

ஞானேஸ்வரன் கொண்டு வந்திருந்த கருகிய பையை வெளியே எடுத்து நீட்டினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். விஜயரத்தினம் இடுப்புத் துவாயை அவிழ்த்துத் தன் பையைத் திருப்பிப் பார்த்தார். சரிகையில் ஒரு இடம் கறுத்திருந்தது.

"கொஞ்சம் பொறி பறந்ததுதான். சரிகைதானே, மினுங்குதாக்கும் எண்டு விட்டிட்டன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இதை மைக்ரோவேவுக்குள்ள வைச்சுப்போட்டு நான் கதிரையில கண்ணயந்து போனன் ஞானம்."

ஞானேஸ்வரன் மூன்று மடங்கு காசை எண்ணி நீட்டினார். நீட்டிய காசை விஜயரத்தினம் தள்ளிவிட்டார்.

"நான் பஸ் ஓட்டினனான். பிரேக் சரியில்லை எண்டு தெரிஞ்ச உடன, ஏறின சனத்தை இறக்கிப்போட்டு பஸ்சை டிப்போவுக்குக் கொண்டு போறவன்தான் டிரைவர். சனம் பேசும், நேரம் பிந்தும். பரவாயில்லை. நீர் இண்டைக்கு டிரைவர் வேலை பாத்தனீர். எனக்குத் தெரிஞ்ச கடைக்காரர் ஆரும் வீடு தேடி வந்து பிழையைச் சொன்னதில்லை."

காலமெல்லாம் லாபத்தை நினைத்து நெஞ்சை நிமிர்த்திய ஞானேஸ்வரன், கை நிறைய நட்டத்தோடு நெஞ்சை நிமிர்த்தி அந்தப் படியிறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை கல்லாவுக்கு முன்னால் கருகிய பை மட்டும் தொங்கியது. புதிதாகக் குடிவந்த ஒரு பெண் பிள்ளை அதைப் பார்த்து முகம் சுளித்தாள். "அங்கிள், இதை ஏன் தொங்க விட்டிருக்கிறியள்? கடைக்கு அவமானமில்லையோ?"

"அவமானமோ? இந்தக் கடையில நான் பெருமையாய்க் காட்டுற சாமான் இதுதான் பிள்ளை" என்றார் ஞானேஸ்வரன், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. "மைக்ரோவேவுக்குள்ள சரிகை, ஈயத்தாள், எவர்சில்வர் ஒண்டும் போகக்கூடாது. துணிப் பையை நாங்களாத் தைச்சு வைக்கக்கூடாது, சரிகை இல்லாட்டிலும் அரிசி காஞ்சு பத்தும். வைச்சுப்போட்டு அங்கால போகக்கூடாது. பத்தினால் கதவைத் திறக்காமல் சுவரில சுவிட்சை நிப்பாட்டுங்கோ. அடங்காட்டில் வெளிய போய் நெருப்புப் படைக்கு அடியுங்கோ. எல்லாத்துக்கும் மேல, உங்கட வீட்டில நடந்த பிழையை மூடி வையாதேங்கோ. நீங்கள் வெக்கப்பட்டு மறைச்சால், பக்கத்து வீட்டுக்காரன் அதே பிழையை நெருப்பிலதான் படிப்பான்."