நான்காம் மாடிக் கதவு

லிஃப்டுகளைச் சோதிக்கும் அரசாங்கத் துறையில் இருந்தவரை அவருக்குப் பட்டப்பெயர் ‘சீல்’. லிஃப்டில் கோளாறு என்று பட்டுவிட்டால் மறுபேச்சில்லாமல் மெயின் சுவிட்சை இறக்கி, கம்பியால் கட்டி, ஈயச் சீல் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஓட்டலா, ஆஸ்பத்திரியா, மந்திரிக்கு வேண்டியவர் கட்டிய கடைத்தொகுதியா என்றெல்லாம் பார்க்கமாட்டார். ஜனங்கள் அவரைத் திட்டிக்கொண்டே படியேறுவார்கள். பழுது பார்த்து முடித்து, அவர் மறுபடி வந்து, சீலை வெட்டிவிடும்வரை லிஃப்ட் அசையாது. அவரைக் கண்டாலே பிடிக்காதவர்களுக்கும் அவர்தான் வந்தாக வேண்டும்.

பிறகு சட்டம் மாறியது. லிஃப்டைச் சோதிக்க அரசாங்க ஆள் வரவேண்டும் என்ற கட்டாயம் போனது. கட்டடக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த தனியார் ஒருவரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சோதனைக்காக ஆட்களை மாதக்கணக்கில் அலையவிட்ட துறை அது. கை நனைந்தால்தான் பேனாவைத் திறப்பவர்களும் அங்கே இருந்தார்கள். அவருக்கே அது தெரியும்.

துறையை மூடிய அன்று ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் ‘ஒல்லி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த பெயர். இப்போது அவருக்கு நாற்காலி போதாது. ஒல்லி பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே சொன்னார்: “கம்பெனி ஆரம்பிக்கிறேன். நீயும் வந்துடு. வேலை அதேதான்யா, முதலாளிதான் வேற.”

“முதலாளி யாரு?”

“லிஃப்டுக்குச் சொந்தக்காரன்தான்.”

அவர் ஒல்லியோடு போகவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, வெளியே பலகை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். வீட்டிலும் தனிதான். மகளின் பிரசவத்துக்காகக் கடல் தாண்டிப் போன மனைவி, குழந்தை நடக்கட்டும் வருகிறேன் என்றாள். நடந்தது. பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். போனது. இப்போது மகளுக்கு இரண்டாவது குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்ப்பார்கள். பாதி நேரம் பேரனின் மூக்குதான் தெரியும்.

முதல் வேலையைக் கொடுத்தவர் அத்தான். அக்காவும் அத்தானும் பழைய அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது மாடியில் குடியிருந்தார்கள். அங்கே வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு அத்தான்தான் செயலாளர். “நம்ம வீட்டு ஆளை வச்சுக்கிட்டு வெளியாளைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?” என்று சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கதவைக் கையால் இழுத்துத் திறக்கும் பழைய லிஃப்ட். அவர் ஒரு காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். கம்பிவடம் பரவாயில்லை. பிரேக் பரவாயில்லை. நான்காவது மாடிக்கு வந்தபோது கையிலிருந்த டார்ச்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். லிஃப்ட் மேலே எட்டாவது மாடியில் இருந்தது. அவர் இழுத்ததும் கதவு திறந்துகொண்டது. உள்ளே வெறும் இருட்டு.

லிஃப்ட் வந்து நிற்காத மாடியில் கதவு திறக்கவே கூடாது. பூட்டு விடாது. பூட்டு தேய்ந்து திறந்துகொண்டாலும் லிஃப்ட் அந்தக் கணமே நின்றுவிடும். அதற்கென்று ஒரு சின்ன மின்தொடர்பு உண்டு. இங்கே பூட்டும் தேய்ந்திருந்தது. லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்று யாரோ மெக்கானிக் அந்தத் தொடர்பின் குறுக்கே ஒரு துண்டு வயரைச் சுற்றிவிட்டுப் போயிருந்தான். மற்ற மாடிகளின் பூட்டுகளும் தேய ஆரம்பித்திருந்தன.

“எல்லாப் பூட்டையும் மாத்தணும் அத்தான். அதுவரைக்கும் லிஃப்ட் ஓடக் கூடாது.”

“எத்தனை நாள் ஆகும்?”

“இந்த மாடலுக்கு இப்ப பூட்டு வர்றதில்ல. செஞ்சுதான் வாங்கணும். ஒரு மாசம் ஆகலாம்.”

அத்தான் சிரித்தார். “மாப்ள, இங்க இருக்கிறதுல பாதிப் பேரு வயசானவங்க. உங்கக்கா முட்டியை வச்சுக்கிட்டு ஏழு மாடி ஏறுவாளா? இப்ப கையெழுத்தைப் போடு. பூட்டை மெதுவா மாத்திக்கலாம்.”

“முடியாது அத்தான்.”

“நான் கூட்டத்துல சொல்லிட்டு வந்திருக்கேன்யா.”

“தெரியும். முடியாது.”

இரண்டு நாள் கழித்து வேறொரு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான். ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தான். லிஃப்டுக்குள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனான். நான்காம் மாடிக்கு ஒரு தாழ்ப்பாளாவது போடுங்கள் என்று அவர் அத்தானுக்கு இரண்டு முறை போன் செய்து கேட்டார். பார்க்கலாம் என்ற பதிலோடு சரி.

அதன்பிறகும் அக்காவைப் பார்க்கப் போனார். ஆனால் படியேறித்தான் போனார். அவருக்கு வேறு எப்படிப் போவதென்று தெரியவில்லை. அத்தானுக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், செயலாளரின் மைத்துனனே லிஃப்டில் ஏறமாட்டேன் என்கிறானாமே என்று பேசுகிறார்கள். ஒரு நாள் அத்தான் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “படியேறித்தான் வரணும்னா, நீ கஷ்டப்பட்டு வரவேண்டாம் மாப்ள.”

அக்கா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவர் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, படியிறங்கிப் போனார். பிறகு போகவில்லை.

ஊரில் பேச்சு பரவ எவ்வளவு நேரமாகும்? அந்த ஆளைக் கூப்பிட்டால் லிஃப்டை நிறுத்திவிடுவான் என்று ஆனபின் யாரும் ஜெராக்ஸ் கடை மாடியை எட்டிப் பார்க்கவில்லை. அவர் காலையில் அறையைத் திறப்பார். டார்ச்சையும் அளவுகோல்களையும் துடைத்து வைப்பார். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். சில நாட்களில் மாலைவரை ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் பால் கேட்கும்போது தொண்டை கட்டியிருக்கும்.

ஒல்லி ஒருமுறை வந்து பார்த்தார். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். “யாரும் சாகலையேய்யா. இத்தனை லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணாவது விழுந்துச்சா?”

“விழாது. கதவுதான் ஆளைக் கொல்லும்.”

“எல்லாக் கதவுமா?”

நான்காவது மாடியிலும் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ஒருவேளை நடக்காமலே போகலாம். அப்படி நடக்காமல் போனால் தன் பிடிவாதத்துக்கு என்ன அர்த்தம்? அந்த யோசனை வந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன். அத்தானுக்குத் தெரியக் கூடாது.”

“சொல்லுக்கா.”

“போன வாரம் நாலாவது மாடி டீச்சரைப் பாத்துட்டு வரலாம்னு போனேன். திரும்பி வர்றப்ப லிஃப்ட் வந்துடுச்சுன்னு நெனச்சு கதவை இழுத்தேன். கால் வச்சுட்டேன்டா. அங்க ஒண்ணுமே இல்ல.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“கைப்பிடியை விடல. அது ஒண்ணுதான். செருப்பு மட்டும் கழண்டு விழுந்துடுச்சு. விழுந்த சத்தம் கேக்க எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா?”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“டாக்டர் வீட்டு வாசல்ல செருப்பை யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அத்தான்கிட்ட சொல்லிட்டேன். அதுலேர்ந்து நான் கீழ எறங்கல. படியும் முடியாது. மழை விடட்டும்னு சொல்லிட்டு இருக்கேன்.”

“நான் அத்தான்கிட்ட பேசறேன்.”

“நீ பேசினா, நான் உன்கூடப் பேசமாட்டேன். சங்கம், செயலாளர்னு அவருக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.” அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அவ்ளோதான்.”

மறுநாள் காலை அவர் அந்தக் கட்டடத்துக்குப் போனார். என்ன செய்யப் போகிறோம் என்ற தெளிவு இல்லை. சீல் வைக்கும் அதிகாரம் எப்போதோ போய்விட்டது. டார்ச்சையும் கதவு திறக்கும் முக்கோணச் சாவியையும் மட்டும் பையில் போட்டிருந்தார்.

வாட்ச்மேன் அவரைத் தெரிந்தவர். “செயலாளர் சார்கிட்ட சொல்லணுமே சார்.”

“ஒரு பொருள் உள்ள விழுந்திருக்கு. கால் மணி நேரம். எடுத்துட்டு சுவிட்சைப் போட்டுடறேன்.”

லிஃப்டை மேலே அனுப்பி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரைத்தளக் கதவைத் திறந்து, இரும்பு ஏணி வழியாகக் குழிக்குள் இறங்கினார். கறுத்த கிரீஸ், மழைத்தண்ணீர், துணி மாட்டும் கிளிப்புகள், ஒரு பொம்மையின் கை, யாருடையதோ சாவிக்கொத்து. ஓரத்தில் நீலப் பட்டை வைத்த செருப்பு கவிழ்ந்து கிடந்தது. இடது கால். குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அக்காவின் நடை அப்படி.

நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் மனித உடம்பு என்ன ஆகும் என்று அவர் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறார். தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார்.

செருப்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஏழு மாடியும் ஏறினார். அந்த நேரத்தில் அத்தான் நடைப்பயிற்சிக்குப் போயிருப்பார், அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மழையால் அத்தான் போகவில்லை. அவர்தான் கதவைத் திறந்தார்.

“வா மாப்ள.” குரலில் சுரத்து இல்லை. “என்ன அது கையில?”

“ஒண்ணுமில்ல. அக்காகிட்ட குடுக்கணும்.”

கிரீஸில் ஊறிய பேப்பர் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கிழிந்துவிட்டது. செருப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் விழுந்தது. அத்தான் குனிந்து பார்த்தார். கையால் தொடவில்லை.

“இது அவளோடதாச்சே. டாக்டர் வீட்ல தொலஞ்சுதுன்னாளே.”

அவர் கிழிந்த பேப்பரைக் கசக்கிப் பிடித்தார்.

“எங்க இருந்துச்சு?”

“குழிக்குள்ள.”

அக்கா சமையலறை வாசலுக்கு வந்திருந்தாள். அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். “எந்த மாடி?”

“நாலு.”

அத்தான் வாசலிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் போயிருக்கணும்னு சொல்லியிருப்பீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை, காய் நறுக்கியாயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குமேல் அங்கே நிற்பது சரியில்லை என்று அவர் இறங்கிவிட்டார்.

அன்று மாலை அத்தானே மெயின் சுவிட்சை இறக்கி, அந்த அறைக்குத் தன் வீட்டுப் பூட்டைப் போட்டார். சங்கத்தில் பெரிய ரகளை. சான்றிதழ் வாங்கியதும் நீங்கள்தான், நிறுத்துவதும் நீங்கள்தானா என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை என்பதைத் தவிர அத்தான் எதையும் சொல்லவில்லை. மனைவி பெயரை இழுக்கவில்லை. பூட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்த கையோடு அவரைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

லிஃப்ட் நின்றிருந்த நாட்களில் அவர் காய்கறியும் பாலும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் படியேறினார். அக்கா வாங்கிக்கொள்வாள். உள்ளறையில் டிவி ஓடும். அத்தான் வெளியே வரமாட்டார். தன்னிடம் சொல்லாததை மனைவி தம்பியிடம் சொல்லியிருக்கிறாள் என்பதை அந்த மனிதரால் விழுங்க முடியவில்லை.

பூட்டுகளை மாற்றி முடித்த வாரம் அவர் ஜெராக்ஸ் கடை மாடி அறையைவிட்டு வெளியே போகவில்லை. புதிய செயலாளர் எப்படியும் கூப்பிடுவார் என்று நினைத்தார். கருவிகளைத் துடைத்து மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். அக்கா போன் செய்துதான் தெரிந்தது: முன்பு வந்த அதே இளைஞன் வந்து, புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

“இப்ப நல்லா ஓடுது. வந்து சாப்பிட்டுட்டுப் போ.”

போனார். லிஃப்டில் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, வெளியே வந்து, லிஃப்டை மேலே அனுப்பிவிட்டுக் கதவை இழுத்துப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. நல்ல வேலை. செய்தவன் கெட்டிக்காரன். ஏழாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சோறு ஆறிவிட்டது என்று அக்கா கடிந்துகொண்டாள். அத்தான் அன்றும் வெளியே வரவில்லை. டிவியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

கிளம்பும்போது அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டாள். “பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன். வெளியில வந்து எவ்ளோ நாளாச்சு.”

மெதுவாக நடந்தார்கள். நிழற்குடையில் யாருமில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: “ஆபீஸ் ரூமைக் காலி பண்றேன்க்கா. ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பர் அடுக்கிக்கறேன்னு கேட்டார்.”

“அப்ப பகல்ல என்ன பண்ணுவ?”

“தெரியல.”

அக்கா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். எதிரே ஒரு பெண் மத்தியானம் மூடிய கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவருடைய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை என்றதும் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

“அடுத்ததுல போறேன்” என்றார் அவர்.

“சரி” என்றாள் அக்கா.