குகை மீன் எதையும் உதறவில்லை

அருங்காட்சியகத்தில் அவளை எல்லாரும் அட்டைக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புக்கூடு, தொட்டியில் மீன், சுவரில் பாம்புத் தோல் என்று எது இருந்தாலும் அதன் கீழே ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையில் இருப்பது அவள் எழுதியது. நாற்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. நாற்பத்தொன்று ஆனால் தலைமை மேடம் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு மேல் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள் என்பது மேடத்தின் வாதம். பெரியவர்கள் இருபதிலேயே நழுவிவிடுவார்கள் என்பதை மேடம் சொல்வதில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதிய அட்டையை யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுவாள். கேட்கிறவர் "ஏன்?" என்று கேட்டால் அட்டை இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். கேள்வி வராமல் போகும்வரை திருத்துவாள். பன்னிரண்டு வருடம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவள் கணவன். நாற்காலியில் காலை மடக்கி நகம் வெட்டிக்கொண்டே கேட்பான், சரியான இடத்தில் "ஏன்?" என்பான். அந்த ஒரு சொல்லுக்காக அவனுடைய பல குணங்களை அவள் பொறுத்துக்கொண்டாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, "நமக்குள்ள பேச ஒண்ணும் மிச்சமில்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு பெட்டிகளோடு கிளம்பினான். பேச ஒன்றும் இல்லாதவன் அதைச் சொல்வதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள் ஃப்ரிட்ஜுக்குப் படித்துக் காட்டினாள். ஃப்ரிட்ஜ் எதையும் ஏன் என்று கேட்காது. உம் மட்டும் கொட்டும். சில நாள் மாலையில் வீட்டுக் கதவைத் திறந்ததும், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்ப்பாள். அதை நகர்த்த இந்த வீட்டில் இன்னொரு கை இல்லை என்பது அப்போது உறைக்கும். தனிமை அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பழகிப்போனதால் வலிக்காமல் இல்லை.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்றுதான் வாசலில் இருக்கும் கேள்விப் பெட்டியைத் திறப்பாள். பிள்ளைகள் எழுதிப் போடும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துப் பலகையில் பதில் தொங்கவேண்டும் என்பது விதி. டைனோசர் ஏப்பம் விடுமா, திமிங்கலம் கொட்டாவி விட்டால் கடல் உள்ளே போகுமா, காவலாளி மாமாவுக்கு ஏன் மீசை இல்லை என்று வழக்கமான சரக்குதான் இருந்தது. அடியில் ஒரு சீட்டு. எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, கை பட்டு மை இழுபட்டிருந்தது.

"குகை மீனுக்கு இருட்டுல கண்ணு தேவைப்படல, அதனால உதறிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. தேவைப்படாததை உயிர் உதறிவிடும்னும் போட்டிருக்கீங்க. எங்க அம்மா போன வருஷம் போயிட்டாங்க. சாகல. போயிட்டாங்க. அப்போ நான் தேவைப்படலையா? புதன்கிழமை டிராயிங் கிளாஸோட வருவேன். பதில் வேணும். இப்படிக்கு, இடது கையால எழுதுறவ."

அவள் சீட்டைப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, விளக்கு போடாத கூடத்தில் நடந்து, குகை மீன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ரோஜா நிறத்தில் விரல் நீள மீன்கள், கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். ஒன்றையொன்று இடிக்காமல் போய்க்கொண்டிருந்தன. கீழே அட்டை, அதன் கடைசி வரி: "தேவைப்படாததை உயிர் உதறிவிடும்." மூலையில் சிறிய எழுத்தில் தேதி. கணவன் வீட்டை விட்டுப் போன அதே வாரத்து வியாழக்கிழமை.

அந்த வரியை எழுதியபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அருமையான வரி, சுளீரென்று இருக்கிறது என்று நினைத்தாள். யாருக்கும் படித்துக் காட்டாமல் சுவருக்குப் போன முதல் அட்டை அது. இப்போது பார்த்தால் அதில் மீனே இல்லை. அவள் புருஷனைப் பற்றி எழுதி, மீன் தலையில் கட்டியிருந்தாள். ஆறு வருடமாக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் வயிற்றெரிச்சலை அறிவியல் என்று படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவமானம் காது வரை சுட்டது.

விடுமுறையிலும் வேலைக்கு வருகிற இன்னொரு ஜீவன் மேடம். அவரிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

"மேடம், குகை மீன் அட்டை தப்பு. நான்தான் தப்பா எழுதினேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே. அழகா இருந்துச்சு, யோசிக்காம விட்டுட்டேன்." மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "புதன்கிழமை காலையில பள்ளிக்கூடம் வருது. சுவர் காலியா இருக்கக் கூடாது. அதுக்குள்ள புதுசு வரலேன்னா பழசே இருக்கட்டும், அடுத்த மாசம் மாத்திக்கலாம்."

அடுத்த மாதம் என்றால் அந்தப் பெண் இன்னொரு தடவை அதே வரியைப் படிப்பாள்.

அன்று சாயங்காலம் ஒன்பது தடவை எழுதினாள். ஒன்பதையும் ஃப்ரிட்ஜ் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அவளுக்கு ஒன்றிலும் நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலை, பின்கட்டில் இருக்கும் பட்டறைக்குப் போனாள். அட்டைகளுக்குச் சட்டம் அடிக்கிற தச்சர் அங்கே பலகை இழைத்துக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறவர் என்று அவரைக் கண்டால் எல்லாரும் காத தூரம் ஓடுவார்கள்.

"அண்ணே, ஒண்ணு படிக்கிறேன். கேளுங்க."

"படிம்மா. காது சும்மாதான் இருக்கு."

படித்தாள். அவர் இழைப்பதை நிறுத்தவில்லை. "உதறலைன்னு சொல்ற. பின்ன ஏன் கண்ணு போச்சு?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் ஏன் என்று கேட்டார். தாளை மடக்கி வைத்துவிட்டு வாயாலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

"எந்த மீனும் கண்ணை இழக்கலண்ணே. கண்ணோட பொறந்தது கண்ணோடதான் செத்துச்சு. ஆனா ஒரே வயித்துப் பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரியா இருக்கு?"

"எங்க இருக்கு? என் பெரியவன் ஒட்டகம், சின்னவன் பீப்பாய்."

"மீன் குஞ்சும் அப்படித்தான். ஒண்ணு ரெண்டுக்குக் கண்ணு கொஞ்சம் சின்னதாவே பொறக்கும். வெளிச்சமான ஆத்துல அதுக்கு இரை சரியாத் தெரியாது, வர்ற எதிரியும் தெரியாது. பொழைக்கிறது கஷ்டம். அதே குஞ்சு குகைக்குள்ள இருந்தா?"

"அங்கதான் பெரிய கண்ணு வச்சிருக்கிறவனுக்கும் ஒண்ணும் தெரியாதே."

"அதான். கண்ணு வளர்க்கவும் தீனி வேணும். குகையில தீனிக்குப் பஞ்சம். சின்னக் கண்ணு மீனுக்கு அந்தத் தீனி மிச்சம். அதனால அது கொஞ்சம் கூடப் பொழைச்சது, கூட முட்டை போட்டது. அது பிள்ளைங்களுக்கும் சின்னக் கண்ணு. அதுலயும் இன்னும் சின்னதா சிலது. இப்படி ஆயிரம் ஆயிரம் தலைமுறை."

"ஏன், ஒரு மீனே முயற்சி பண்ணி மாறிக்கக் கூடாதா?"

"ஒத்த மீனால முடியாதுண்ணே. அது தடவித் தடவிப் பழகிக்கலாம், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாத்தான் மாற்றம் வரும்."

சொல்லும்போதே, ஆறு வருடம் தான் செய்ததும் அவ்வளவுதான் என்று தோன்றியது. மெதுவாகச் சொன்னாள்: "இன்னொண்ணு இருக்கு. இன்னைக்கும் முட்டைக்குள்ள அந்தக் குஞ்சுக்குக் கண்ணு உருவாக ஆரம்பிக்கும். அப்புறம்தான் வளர்ச்சி நின்னு, தோலுக்குள்ள மறைஞ்சிடும். இவ்வளவு தலைமுறைக்கு அப்புறமும்."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "இதை ஏன்மா எழுதாம வச்சிருக்க?"

மத்தியானத்துக்குள் புது அட்டை தயாரானது.

"குகை மீன் கண்ணை உதறவில்லை. பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கண் சிறியது. இருட்டில் அதனால் இழப்பில்லை. கண் வளர்க்கும் உணவும் மிச்சம். அவை அதிகம் பிழைத்தன, பெருகின. ஆயிரக்கணக்கான தலைமுறைகளில் கண் மறைந்தது. எந்த மீனும் அதைத் தீர்மானிக்கவில்லை. இன்றும் முட்டைக்குள் ஒவ்வொரு குஞ்சுக்கும் கண் உருவாகத் தொடங்குகிறது."

முப்பத்தைந்து சொல். மிச்சம் ஐந்தை மேடமே வைத்துக்கொள்ளட்டும் என்று அனுப்பினாள். மேடம் வட்டம் எதுவும் போடவில்லை.

ஆனால் அந்தப் பெண் கேட்டது மீனைப் பற்றி இல்லையே. அதற்குத் தனியாக ஒரு தாள் எடுத்தாள். ஊரார் படிக்கிற பலகையில் அந்தப் பதிலை விரித்துப் போட மனம் வரவில்லை. உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே "இடது கையால் எழுதுகிறவளுக்கு" என்று எழுதித் தொங்கவிட்டாள். உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

"பழைய அட்டை தப்பு. எழுதினது நான். என்னை மன்னிச்சிடு. உங்க அம்மா ஏன் போனாங்கன்னு மீனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா நீ தேவைப்படலைன்னு எந்த மீனும் சொல்லல. அதை வச்சு முடிவு பண்ணாதே."

புதன்கிழமை டிராயிங் கிளாஸ் வந்தது. நாற்பது பிள்ளைகள், நாற்பது அட்டைப் பலகை, ஒரு டீச்சர். கூடம் சந்தைக்கடை ஆனது. அட்டைக்காரம்மா ஆமைக் கூட்டுக்குப் பின்னால் நின்று, யாருடைய பென்சில் இடது கையில் இருக்கிறது என்று பார்த்தாள். இரண்டு பையன்கள், ஒரு பெண். சாக்ஸ் ஒன்று சுருண்டு இறங்கியிருந்த பெண், எல்லாரும் பாடம் செய்த புலியைப் பார்க்க ஓடியபோது மீன் தொட்டிக்கு நடந்தாள். அட்டையைப் படித்தாள். விரலைக் கண்ணாடியில் வைத்து, மீனைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் படித்தாள். வெளியே போகும்போது உறையை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பிரித்தாள். அவள் முகம் தெரியவில்லை. பிறகு முழங்காலை மடக்கி, அதன்மேல் வைத்து ஒரு சீட்டில் ஏதோ எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

பெட்டிச் சாவி அட்டைக்காரம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. திங்கள்வரை திறக்கக் கூடாது என்று விதி போட்டவளும் அவள்தான். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு நாளும் அவள் வீட்டு டம்ளர் நகரவில்லை. அந்தச் சீட்டில் என்ன இருக்கும் என்பதைத் தவிர அவளால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தாள்.

"மீன் விஷயம் புரிஞ்சுது. அம்மா ஏன் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதினீங்களே, அது நல்லா இருந்துச்சு. மத்த எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே பேசுறாங்க. இன்னொரு கேள்வி. அந்தத் தப்பு சும்மா வந்துச்சா, இல்ல உங்களையும் யாராவது விட்டுட்டுப் போனாங்களா?"

எல்லாக் கேள்விக்கும் பதில் தொங்கவேண்டும். அவள் ஒரு புது அட்டையை எடுத்தாள். எழுதி முடித்ததும் பட்டறைக்குப் போனாள். பதில் பலகைக்குச் சட்டம் அடிக்க அன்று விடுமுறையிலும் வந்திருந்த தச்சர், சுத்தியலோடு நிமிர்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு படிக்கிறேன். கேளுங்க."

"படிம்மா."

"ஆமாம். ஆறு வருஷம் ஆச்சு."

தச்சர் அவளைப் பார்த்தார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஓர் ஆணியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, பதில் பலகையை நோக்கி அவளுக்கு முன்னால் நடந்தார்.