கல்யாணத்தை மறித்த கட்டை

1921ஆம் ஆண்டு, சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை, முற்பகல். பெண்ணின் ஊரான ஸப்ரெக்கின் கோயிலில் காஷ்பருக்கும் ரெஸ்காவுக்கும் கல்யாணம் முடிந்தது. கோயிலில் மணி இல்லை. பீரங்கி வார்க்கவென்று யுத்தத்தின் நடுவில் இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பாதிரியார் ஒரு குண்டின் வெற்றுக்கூட்டைத் தொங்கவிட்டு அடித்தார். டங்கென்றது. போதும் என்றார்கள்.

இனிப் பெண்ணை மாப்பிள்ளையின் ஊரான லிப்யேவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு கல்யாணப் பெரியவருடையது. வழியில் மாப்பிள்ளைக்காகப் பேசுவதும் பேரம் முடிப்பதும் அவர்தான். வழக்கமாக ஓர் ஆணைத்தான் வைப்பார்கள். லிப்யேவில் அந்த வயதில் மிஞ்சிய ஆண்கள் இருவர். ஒருவருக்குக் காது கேட்காது. மற்றவர், யுத்தத்தோடு ஆட்சி போன சக்கரவர்த்தி இன்னும் ஆள்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே மாப்பிள்ளையின் அத்தை நேஷா தன் கணவனின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கணவன் கலீசியாப் போர்முனையில் மண்ணுக்கடியில் இருந்தான். தொப்பி கண்வரை இறங்கியது. நிமிர்ந்து நடந்தால் நின்றது.

முதல் பனிச்சறுக்கு வண்டியில் மணமக்கள். அடுத்ததில் சீர்: பெட்டி, மெத்தை, ராட்டை, ஒரு பெரிய ரம்பம். யுத்த வருஷங்களில் ரெஸ்கா மரம் வெட்டிப் பிழைத்தவள். பின்னால் ஊர்ப் பெண்கள் ஆடிக்கொண்டே வந்தார்கள். ஒற்றைக்கால் யெர்னேய் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்தான்.

நேஷாவுக்கு ஒரே ஒரு குறை. அந்தப் பக்கத்தில் பெண்ணை வெளியூருக்குக் கொண்டுபோனால் அவள் ஊர் இளைஞர்கள் பாதையில் கட்டையைக் குறுக்கே போட்டு மறிப்பார்கள். ஒயின் ஊற்றி, பேரம் பேசி, மாப்பிள்ளை அந்தக் கட்டையை அறுத்தால்தான் வழி. அதுவரை அவன் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் பெண்டாட்டி பேச்சுதான். பெண் முக்காட்டுக்குள் அழ வேண்டும். ஸப்ரெக்கின் கடைசி வீடும் தாண்டியாயிற்று. யாரும் மறிக்கவில்லை.

"என்னடா ஊரு இது? நம்ம பொண்ணு அவ்வளவு மட்டமா? ஒரு குச்சியாவது போடக் கூடாதா?" என்றாள் நேஷா.

"போடறதுக்குப் பையன் வேணுமேக்கா. அவனுங்கல்லாம் சோச்சா ஆத்தங்கரையில மண்ணுக்குள்ள படுத்திருக்கானுங்க," என்றான் யெர்னேய்.

"நீ வாசிடா."

ஸப்ரெக் இனி இத்தாலி, லிப்யே செர்பிய ராஜாவின் புதிய ராஜ்யம் என்று இலையுதிர் காலத்தில் எங்கோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். எல்லையைக் கண்ணால் பார்த்தவர் இல்லை.

பாலத்துக்கு முந்திய திருப்பத்தில் வண்டி நின்றது. பாதையின் குறுக்கே கட்டை. புத்தம் புதிது. நேற்று லிப்யேவிலிருந்து வரும்போது அங்கே இல்லை. பச்சை, வெள்ளை, சிவப்பென்று பட்டை பட்டையாய்ச் சாயம். பக்கத்தில் துப்பாக்கியோடு இருவர். தொப்பியில் கொத்துக் கொத்தாய்ச் சேவல் இறகு.

நேஷா கையைத் தட்டினாள்.

"இருக்கானுங்கடா பையனுங்க! சாயம்கூட அடிச்சிருக்கானுங்க பாரு!"

தவக்காலத்துக்கு முந்திய வேஷக்காரர்களின் வாரம் அது. போதாததற்கு, பள்ளத்தாக்கில் பாதிப்பேர் ஏதாவதொரு செத்த சிப்பாயின் கோட்டைத்தான் உடுத்தியிருந்தார்கள்.

"அத்தை, அது வந்து..." என்றான் காஷ்பர்.

"வாய மூடுடா! இப்பவே பொண்டாட்டிக்கு அடிமையாகணுமா?"

காஷ்பர் மூடிக்கொண்டான். போர்க்கைதியாக இரண்டு வருஷம் சிசிலியில் எலுமிச்சை பறித்தவன் அவன். இறகு வைத்தவர்கள் பேசியது அவனுக்கு மட்டும் புரிந்தது.

மூத்தவன் ஏதோ சொல்லிக் கையை விரித்துக் காட்டினான்.

"அஞ்சு குவளையா? உனக்கு வயிறா, பீப்பாயா?" என்று நேஷா இரண்டு விரலைக் காட்டினாள்.

அவன் தலையை ஆட்டி மறுபடியும் கையை விரித்தான்.

"கறாரான பயல். மூணு. பலகாரமும் தர்றேன். அவ்வளவுதான் தம்பி."

அவன் பதில் சொல்ல வாய் திறந்தான். நேஷா அதற்குள் ஒரு கிரோஃபைத் திணித்தாள். பழப்பாகு ஒழுகும் எண்ணெய்ப் பலகாரம். அவன் கண் விரிந்தது. சுற்றிலும் பெண்கள். யாரோ குவளையைக் கொடுத்தார்கள். யாரோ துப்பாக்கியை வாங்கிப் பத்திரமாக மரத்தில் சாய்த்தார்கள். இளையவனை இரண்டு விதவைகள் ஆளுக்கொரு கையாய்ப் பிடித்துச் சுற்றினார்கள். அவன் முதலில் கத்தினான். பிறகு சிரித்தான். யெர்னேய் வேகத்தைக் கூட்டினான்.

"ரம்பத்த எடுடா காஷ்பர்!"

காஷ்பர் அத்தையைப் பார்த்தான். கட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு குறும்பு ஏறியது. ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நேஷா. தூள் பனியில் கொட்டியது. பாதிப் பெண்கள் தாளம் தட்டினார்கள், மீதிப்பேர் மூத்தவனைச் சூழ்ந்து குவளையை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். முக்காட்டுக்குள் ரெஸ்காவின் தோள்கள் குலுங்கின. நன்றாக அழுகிறாள், நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டாள் நேஷா.

கட்டை இரண்டாய் விழுந்தது. ஒரே ஆரவாரம்.

"இனிமே நான் பேசலாமா?" என்றான் காஷ்பர்.

"பேசுடா என் ராஜா!"

"இது வேஷம் இல்ல அத்தை. நிஜமான இத்தாலிக்காரன். அந்த மூத்தவரு கார்ப்பரல். நாம அறுத்தது எல்லைக்கட்டை."

அக்கார்டியன் நடுவில் மூச்சை விட்டது.

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்கதானே வாயத் திறக்காதேன்னீங்க."

"அதுக்காக அறுப்பியா?"

"ரம்பம் நல்லா இருந்துச்சு அத்தை."

கார்ப்பரல் பாதிக் கட்டைமேல் உட்கார்ந்து வாயைத் துடைத்தார். மெதுவாகப் பேசினார். காஷ்பரின் சிரிப்பு அடங்கியது.

"நான் போகலாமாம். நான் அந்தப் பக்கத்து ஆளு. ரெஸ்கா போகக் கூடாதாம். அவ இத்தாலிப் பிரஜையாம். கோரித்சா ஆபீசுக்கு எழுதிப் போடணுமாம். ஈஸ்டருக்கு அப்புறம் பதில் வரலாமாம்."

"கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொன்னியா?"

"சொன்னேன். வாழ்த்துச் சொன்னாரு."

தொப்பி நேஷாவின் கண்ணை மறைத்தது. பெண்ணில்லாமல் லிப்யேவுக்குத் திரும்பிய கல்யாணப் பெரியவர் இதுவரை யாருமில்லை. தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஒயின் குடிச்சாரா இல்லையா? குடிச்சவன் வழி விடணும். அவங்க அம்மாமேல ஆணையாக் கேளு."

காஷ்பர் கேட்டான். கார்ப்பரல் வெகுநேரம் பேசினார். நடுவில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க மலையிலயும் இதே வழக்கம் உண்டாம். ரிப்பன் கட்டி மறிப்பாங்களாம். வெட்டிட்டா விட்டுரணுமாம்."

"அப்புறம் என்னவாம்?"

"ரிப்பன் ராஜாவோடது இல்லையாம், இந்தக் கட்டை ராஜாவோடதாம்."

கார்ப்பரல் எழுந்தார். காஷ்பரின் தோளில் கை வைத்தார். சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"இப்ப என்னடா?"

"கட்டைய அறுத்தவன் எங்கயும் போகக் கூடாதாம். லெப்டினன்ட் வர்ற வரைக்கும் இங்கயே."

"விடுங்கக்கா, ரெண்டு பேரும் ஒரே நாட்டுல இருப்பாங்க," என்றான் யெர்னேய்.

நேஷா பெண்ணைத் தேடினாள். வண்டியில் ரெஸ்கா இல்லை. மெத்தைமேல் முக்காடு மட்டும் கிடந்தது.

பாலத்தின் லிப்யே பக்கக் கோடியில் பனியில் நின்றாள் ரெஸ்கா. எல்லோரும் கார்ப்பரலையே பார்த்திருந்த நேரத்தில் இளைய சிப்பாயைக் கையைப் பிடித்து இழுத்து, ஆடிக்கொண்டே அறுபட்ட கட்டைகளுக்கு நடுவில் புகுந்து, பாலத்தைக் கடந்திருந்தாள். அந்தப் பக்கத்து ராஜ்யம் இன்னும் காவலுக்கு ஆள் அனுப்பவில்லை. பக்கத்தில் சிப்பாய் தொப்பியைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்கினான். தான் அந்நிய நாட்டில் நிற்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரெஸ்காவின் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. இத்தனை நேரமும் தோள் குலுங்கியது சிரிப்பில்தான்.

அவள் கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கார்ப்பரலைப் பார்த்துக் கூவினாள்.

"நான் வந்து சேர்ந்துட்டேன்! என் புருஷன எப்ப அனுப்பப் போறீங்க?"