பிணவாசல்

வெளிநாடு போய்த் திரும்பி வரலாமா என்ற ஒரே கேள்வியை ஜெயதீபன் தொலைபேசியில் வழக்கறிஞரிடம் திரும்பவும் கேட்டான். தன் ஆங்கிலம் பிழையாகிவிட்டதோ என்ற சந்தேகம். அதே பதில்தான் வந்தது. புகலிடம் கேட்டுப் படகில் வந்தவனுக்குக் கொடுத்த தற்காலிக விசா, அவன் நாட்டைவிட்டுப் புறப்பட்டதுமே செத்துவிடும். போவதை யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வரத்தான் வழியில்லை.

அது 2012 வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை. மல்கிரேவ் என்ற புறநகரின் மாலை வகுப்பில் இடைக்காலக் கட்டடக்கலை படிப்பவர்கள் செப்டெம்பரில் இத்தாலிக்குப் போய், குப்பியோ என்ற மலைநகரத்தை நடந்தே பார்ப்பதாக ஏற்பாடு. கால்களைப் பழக்குவதற்காக அன்று பகல் த பேசின் என்ற ஊரில், மலையடிவாரத்துச் செங்குத்தான தெருவொன்றில் கூடியிருந்தார்கள். குப்பியோவில் எந்தச் சந்து வழியாக ஏறி எந்த முற்றத்தில் இறங்குவது என்று நடைவழியை வரைந்தவன் ஜெயதீபன். அழித்து அழித்து வரைந்தது.

ஆசிரியை மாகரெட் ஒரு படத்தைக் காட்டினார். குப்பியோவில் ஒரு கல்வீடு, பெரிய கதவு. அதன் பக்கத்திலே, தெருவுக்கு மேலே உயர்ந்து, ஓராள் ஒடுங்கி நுழையக்கூடிய இன்னொரு கதவு. மேல்மாடிப் படிக்கட்டுக்கான வாசல் என்று அறிஞர்கள் சொன்னாலும் ஊரார் அதைப் பிணவாசல் என்பார்கள் என்றார்.

"பிரேதம் மட்டும் போற வாசலாம், தம்பி. அதால போனால் பிறகு வாறதில்லை," என்று நிரஞ்சினி அவனருகே சிரித்தாள். வகுப்பில் அவனைத் தவிர அவள் ஒருத்திதான் தமிழ். வந்து இருபது வருஷமான குடியுரிமைக்காரி. "உங்கட பாஸ்போட் விபரம்தான் இன்னும் வரேல்லை. எல்லாருக்கும் ரிக்கற் போடவேணும்."

"நான் வரேல்லை அக்கா. இந்த விசாவோட வெளிய போனால் கதை முடிஞ்சுதாம்."

"ஒரு கிழமைதானே. ஆரையும் கேட்டுப் பாத்து, போயிட்டு வரலாம்."

"போகலாம். வரேலாது. உங்களுக்குத்தான் போயிட்டு வாறது. எனக்கு அந்தச் சின்னக் கதவு."

குரல் உயர்ந்துவிட்டது. மாகரெட் என்னவென்று கேட்டார். நிரஞ்சினி சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். "அவருக்கு அந்த மாதம் வேலை கூடவாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இந்த ஆங்கிலத்தில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"ஏனக்கா பொய் சொல்லுறியள்?"

"எல்லாருக்கும் முன்னால படகுக் கதை எதுக்கு? உங்கட நன்மைக்குத்தான்."

"உங்கட வெக்கத்துக்கு எண்டு சொல்லுங்கோ."

மாகரெட் வருத்தப்பட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவன் வரைந்த வழிப்படத்தையாவது தந்தால் எல்லோரும் அதைப் பார்த்து நடப்போமே என்றார்.

ஜெயதீபன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை மனதில் அடுக்கிக்கொண்டான். "வேலை காரணமில்லை. விசா. நான் படகில் வந்தவன். போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்," என்றான். "வழிப்படம் தரமாட்டேன்."

அதை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு தெருவில் ஏறத் தொடங்கினான்.

"தம்பி, நில்லுங்கோ. எல்லாரும் பாக்கினம்," என்று நிரஞ்சினி பின்னால் வந்தாள்.

"பாக்கட்டும்."

மேட்டில் மூச்சு வாங்கியது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.